காதில் விழுந்தபடி

டிசெம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் டர்பன்காரர்கள் கடற்கரைப் பக்கம் போவதில்லை. ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து வந்து குவியும் விடுமுறைக் கூட்டத்திடம் கடலை ஒப்படைத்துவிட்டு, சாட்ஸ்வர்த் குன்றுகளில் மின்விசிறிக்குக் கீழே புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவோம். அந்த வாரத்தில் ஆண்டு தவறாமல் நான் செய்யும் வேலை ஒன்றுண்டு. பன்னிரண்டு மாதங்களாக 'பிறகு பார்ப்போம்' என்று உலாவியில் சேமித்து வைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பெரும்பாலானவற்றை அழித்துவிடுவேன். சில இணைப்புகள் செத்திருக்கும். மற்றவற்றில் எனக்கிருந்த ஆர்வம் செத்திருக்கும். முழங்கால் வலிக்கு மூன்று பயிற்சிகள், பிரஷர் குக்கரில் பாண் சுடும் முறை, 1983 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் மங்கலான பிரதி ஆகிய எல்லாம் இந்த ஆண்டும் போயின.

அழிக்க மனம் வராமல் மிஞ்சியவற்றை வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் இன்னொருவரின் சொல்லைத் தவறாகக் கேட்டு, கேட்டபடியே எழுதியோ பாடியோ வைத்ததைப் பற்றியவை. திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கணித ஆசிரியனாகத் தென்னாபிரிக்காவுக்கு வந்து, கால் நூற்றாண்டாக இந்தத் தெருவில் வாழ்கிற எனக்கு, பெயரில் தமிழும் பேச்சில் ஆங்கிலமும் உள்ள அயலவர்களோடு பழகிப் பழகி, அந்த வகை விடயங்கள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கியிருக்க வேண்டும்.

முதலாவது, என் மகள் காட்டியது. இணையத்தில் புழங்கும் தமிழர் பலருக்குத் தெரிந்த பழைய கதைதான். எனக்குத்தான் இவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது. 'பெண்ணின் மனதைத் தொட்டு' என்ற 2000 ஆம் ஆண்டுப் படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில்' என்ற பாட்டை, தமிழ் அறியாத ஓர் அமெரிக்கர், 'பஃபலாக்ஸ்' என்ற புனைபெயரில், தன் காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களைத் துணையுரையாக எழுதி 2007 இல் யூரியூப்பில் ஏற்றினார். 'கல்லூரி வானில்' அவருக்கு 'மை லூனி பன் இஸ்' என்று கேட்டிருக்கிறது. அடுத்து வரும் 'காய்ந்த நிலாவோ' அவருடைய காதில் 'ஃபைன், பெனி லாவா' ஆகிவிட்டது. அந்தப் 'பெனி லாவா'வே காணொளியின் பெயராகி, இலட்சக்கணக்கான மக்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முதலில் சிறிது கோபம் வந்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் மகளுக்கு முன்னால் கண்ணீர் வரச் சிரித்தேன். ஆயினும் என்னைப் பிடித்துக்கொண்டது நகைச்சுவையைவிட ஒரு சிறு சங்கடம். அந்த எழுத்துகளை ஒருமுறை படித்த பிறகு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட என் காதுக்கே அந்த இடத்தில் நிலா தெரியவில்லை, லாவாதான் கேட்கிறது. காது தனியாகக் கேட்பதில்லை. தனக்குச் சொந்தமான சொற்களை வைத்துக்கொண்டு, வருகிற ஓசையில் எது எதற்குப் பொருந்துகிறது என்று தேடுகிறது. கண் ஒரு விடையைக் காட்டிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

இப்படிக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 1954 முதல் ஒரு பெயர் இருக்கிறது. சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், சிறு வயதில் தாய் படித்துக் காட்டிய ஸ்கொட்லாந்துக் கதைப்பாட்டு ஒன்றில், கொல்லப்பட்ட பிரபுவைப் பசும்புல்லில் கிடத்தினார்கள் என்று பொருள்படும் 'லெய்ட் ஹிம் ஒன் த கிரீன்' என்ற அடியை, 'லேடி மொண்டகிரீன்' என்ற பெருமாட்டியும் அவரோடு இறந்ததாகக் கேட்டுக்கொண்டாராம். அந்த இல்லாத பெருமாட்டியின் பெயரையே இவ்வகைப் பிழைக்கு வைத்துவிட்டார். ஜப்பானியர் இதனைச் 'சோராமிமி' என்கிறார்கள். சோரா என்றால் வானம், வெறுமை என்று இரு பொருளும் உண்டு, மிமி என்றால் காது. நம்முடைய செவிடன் காதில் ஊதிய சங்கு கேளாத காதைப் பற்றியது. வேறொன்றாகக் கேட்கும் காதுக்கு எங்கள் ஊரில் கிடைத்ததெல்லாம் வாத்தியாரின் குட்டுத்தான்.

பிழையாகக் கேட்டதில் உலகிலேயே பெரும்பணம் புரண்ட கதை இந்த நாட்டில், அதுவும் எங்கள் மாகாணத்தில் பிறந்த ஒருவருடையது என்பதை அறிந்தவர்களும் இருப்பீர்கள். சொலமன் லிண்டா மிசிங்கா என்னும் வறண்ட நாட்டுப்புறத்தில் பிறந்து, ஜோகன்னஸ்பேர்க்கில் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் பொதி கட்டும் வேலை பார்த்தவர். 1939 இல் 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்ற தம் குழுவோடு அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'இம்புபே' என்ற பாட்டைப் பாடினார். சூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். பின்னணிக் குரல்கள் திரும்பத் திரும்ப 'உயிம்புபே' என்று சொல்லிக்கொண்டிருக்க, பதிவின் கடைசிப் பகுதியில் லிண்டாவின் உச்சக்குரல் அந்த நொடியில் தோன்றிய ஒரு மெட்டை அவற்றின் மேல் பறக்க விடுகிறது. அந்த இசைத்தட்டு கடல் கடந்து அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் கைக்குப் போயிற்று. அவர் தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் காதால் எழுதியபோது 'உயிம்புபே' அவருக்கு 'விமோவே' என்று கேட்டது. அவருடைய 'வீவர்ஸ்' குழு அப்படியே பாடிற்று. 1961 இல் 'டோக்கன்ஸ்' குழு லிண்டாவின் அந்த உச்சக்குரல் மெட்டுக்கு ஆங்கிலச் சொற்கள் போட்டுக் காட்டில் சிங்கம் உறங்குவதாகப் பாடிற்று. 1994 இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் அது ஒலித்தது. லிண்டா உரிமைக்காகப் பெற்றது பத்து சிலிங் என்பார்கள். அவர் 1962 இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்மார் வழக்காடி ஓர் இணக்கத்துக்கு வந்தது 2006 இல்.

மூலப் பதிவு யூரியூப்பில் கிடைக்கிறது. ஊசி கீறும் ஓசைக்கு நடுவே அதைக் கேட்டுப் பாருங்கள். நான் இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் சீகரின் மேல் கோபப்பட முயன்று தோற்றுப்போகிறேன். அந்த அடிக்குரல்களின் வேகத்தில் முதல் உயிரெழுத்து உண்மையாகவே விழுங்கப்படுகிறது. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுத்துப் பிழையை மன்னித்துவிடலாம், பத்து சிலிங்கை மன்னிக்க முடியாது.

பொருள் தெரியாமலே உலகம் ஆடிய இன்னொரு தென்னாபிரிக்கப் பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாஸ்டர் கேஜியும் நொம்செபோவும் 2019 இன் இறுதியில் வெளியிட்ட 'ஜெருசலேமா'வுக்கு, அடுத்த ஆண்டு அங்கோலாவின் நடனக் குழு ஒன்று கையில் சாப்பாட்டுத் தட்டுடன் ஆடிக் காட்ட, பெருந்தொற்றில் முடங்கியிருந்த நாடுகளில் தாதியரும் துறவியரும் பொலிசாரும் அதே அடியை வைத்து ஆடினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 24, மரபு நாளன்று அனைவரும் ஆடுங்கள் என்று எங்கள் ஜனாதிபதியே தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். எங்கள் தெருவிலும் ஆடினார்கள். எனக்கு முழங்கால்.

செவிவழிச் செய்தி ஒரு மனிதரையே கொன்ற கதையும் சேமிப்பில் இருந்தது. டெட்ரொயிட் நகரத்துப் பாடகர் ரொட்ரிகஸ், 1970 இலும் 1971 இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டு, அமெரிக்காவில் யாரும் வாங்காததால் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இங்கேயோ வெள்ளை இளைஞர்களின் ஒரு தலைமுறை அவரை மனப்பாடம் செய்திருந்தது. அவர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்றும் உறுதியாக நம்பியது. கேப் டவுன் இரசிகர் ஒருவர் 1997 இல் அவரைத் தேடுவதற்கென்றே ஓர் இணையத்தளம் தொடங்க, அதை ரொட்ரிகஸின் மகள் கண்டு, தந்தை உயிரோடு இருப்பதைத் தெரிவித்தார். 1998 இல் அவர் இங்கே வந்து நிரம்பிய அரங்குகளில் பாடினார். தேடலைப் பற்றிய ஆவணப்படம் 2013 இல் ஒஸ்கார் பெற்றது. அவர் உண்மையிலேயே இறந்தது 2023 இல். இணையத்தால் நன்மை உண்டா என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இனி, இந்த ஆண்டில் என்னுடைய நேரத்தை மிக அதிகமாகத் தின்ற இணைப்புக்கு வருகிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 152,184 பேர். அவர்களுடைய பதிவேடுகள் இன்று கணினியில் தேடக்கூடியவையாக இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா, ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று ஒரு மனிதரை ஒரு வரிக்குள் அடக்கிய ஏடுகள் அவை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், எழுபதைக் கடந்தவர், கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தம் பாட்டனின் தாயைக் கண்டுபிடித்துத் தருமாறு என்னைக் கேட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தம்மாவின் பெயர் முனியம்மா, ஆற்காட்டுப் பக்கம் என்ற இரண்டே செய்திகள். தமிழறிந்த எனக்கு இது ஒரு மாலை நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. முனியம்மாவை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் உகரம் ஓரிடத்தில் இரட்டை ஓவாகவும், இன்னோரிடத்தில் யூவாகவும், கடைசி ஆகாரத்துக்கு ஓர் எச் சேர்ந்தும் சேராமலும், சில இடங்களில் 'அம்மாள்' என்பதன் ஈற்றெழுத்து ஒட்டியும், அந்தப் பெயர் ஏடெங்கும் வேறு வேறு முகங்களோடு உட்கார்ந்திருக்கிறது. எழுத்தர் கேட்டார், அந்தப் பெண் சொன்னாள், அவர் தம் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். சரியான எழுத்துக்கூட்டலோடு தேடுகிறவருக்கு அங்கே யாரும் அகப்படமாட்டார்கள்; 1860 களின் ஓர் ஆங்கில எழுத்தர் எப்படித் தவறுவார் என்று யோசித்து, அவரோடு சேர்ந்து நாமும் தவற வேண்டும். நாலாவது வாரத்தில் நான் நன்றாகத் தவறப் பழகிவிட்டேன்.

அந்தத் தேடலின் வழியில்தான் 'சவுண்டெக்ஸ்' என்பதைக் கண்டேன். ஓசையால் ஒத்த பெயர்களை ஒன்றாக அடுக்குவதற்கு ரொபர்ட் ரசல் என்ற அமெரிக்கர் 1918 இல் காப்புரிமை பெற்ற முறை அது. அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்பின் பெயர் அட்டைகளை அதைக்கொண்டுதான் அடுக்கினார்கள். பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளை எறிந்துவிட வேண்டும். எஞ்சிய மெய்களுக்கு, ஒலிப்பில் நெருங்கியவற்றுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பி, பீ, வி, எஃப் ஆகியவற்றுக்கு 1, கே, ஜி, ஜே, எஸ் முதலியவற்றுக்கு 2, டி, ரீ இரண்டுக்கும் 3, எல்லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆருக்கு 6. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தடித்த பகரத்துக்கும் மெலிந்த பகரத்துக்கும் ஒரே எழுத்து, டகரத்துக்கும் அப்படியே என்று நம் நெடுங்கணக்கு எத்தனையோ நூற்றாண்டுகளாகச் செய்துவரும் சிக்கனத்தை, பெயர் அட்டைகளுக்கு நடுவே அமர்ந்து அந்த மனிதர் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார். ககரத்தையும் சகரத்தையும் ஒரே பெட்டியில் போட்டது மட்டும் தொல்காப்பியருக்குப் பிடித்திராது.

கணித வாத்தியாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எங்கள் தெருவிலுள்ள அஞ்சல் பெட்டிகளின் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி எண்ணாக்கினேன். இந்நாட்டில் 'மூட்லி' என்று எழுதப்படுவதும் ஊரில் 'முதலி' என்று எழுதப்படுவதும், ஆங்கில எழுத்தில் இரண்டும் எம்-340 என்ற ஒரே எண்ணுக்கு வந்து நிற்கின்றன. பிள்ளையின் இரு எழுத்துக்கூட்டல்களும் பி-400. நாயுடு எப்படி எழுதினாலும் என்-300. ஆனால் இங்கே மிகப் பரவலான 'கவெண்டர்' ஜி-153 என்று வருகிறது. அதன் தாயான 'கவுண்டர்' ஜி-536. எழுத்தர் ஒருவரின் காதில் வகரம் சற்றுத் தடித்து விழுந்ததால், ரசலின் பெட்டிகளில் இந்தக் குடும்பம் ஊர்ப் பங்காளிகளை விட்டு வெகுதூரம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கவெண்டர்தான். இதைச் சொன்னபோது, இத்தனை காலமாகக் கலியாண அழைப்பு வராததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார்.

இந்த எண்விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது எம்-325. அது முத்துசாமி. மொரீசியசில் அந்தப் பெயரை இரண்டிரண்டு ஓ போட்டு 'மூட்டூசாமி' என்று எழுதுகிறார்கள், பிரெஞ்சுக்காரர் ஆண்ட தீவுகளில் 'மூட்டூசமி' என்று வேறு எழுத்துக்கூட்டல், எண் மாறுவதில்லை. அந்த எண்ணைப் பின்தொடர்ந்து போனபோது டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் வீட்டு வாசலில் போய் நின்றேன். 1977 இல் அவர் மணந்த புகைப்படக் கலைஞரின் பெயர் ஜீன் மூட்டூசமி. கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குப் போன இந்தியரின் வழிவந்த குடும்பம். தந்தை ஜோன் மூட்டூசமி, சிக்காகோ நகரத்தில் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற சஞ்சிகைகளை வெளியிட்ட ஜோன்சன் நிறுவனத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர். ஆஷ் இந்நாட்டுக்கு வருவதற்கு நிறவெறி அரசு பலமுறை விசா மறுத்து, 1973 இல்தான் அனுமதித்தது. அந்த ஆண்டு ஜோகன்னஸ்பேர்க்கில் ஒற்றையர் இறுதியாட்டத்தில் கொனர்சிடம் தோற்று, டொம் ஒக்கருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். நாலு ஆண்டுகள் கழித்து அவர் ஒரு முத்துசாமி வீட்டு மருமகனாகப் போகிறார் என்பது அன்று எல்லிஸ் பார்க் அரங்கில் உட்கார்ந்து கைதட்டிய எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நம் ஊர் முத்துசாமி ஒருவரும் இருக்கிறார். டர்பனில் பிறந்த செனுரன் முத்துசாமி 2019 இல் விசாகப்பட்டினத்தில் தென்னாபிரிக்காவுக்காக டெஸ்ட் ஆட இறங்கி, எடுத்த முதல் விக்கெட்டே விராட் கோலியுடையது. அந்தக் காணொளித் துண்டை இன்றுவரை நான் அழிக்கவில்லை, அழிக்கப்போவதும் இல்லை.

நியூசிலாந்துக்குப் போன தமிழ் மணியைப் பற்றி நம்மில் பலர் ஏற்கெனவே பெருமிதம் பொங்க எழுதிவிட்டார்கள். 1836 அளவில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் உடைந்த வெண்கல மணி ஒன்றில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததைக் கண்டார். இன்று அது வெலிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தமிழன் அங்கே முதலில் போனானா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. என் கண் போனது எழுத்துக்கு. 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று வாசிக்கிறார்கள். வக்குசு என்பது 'பக்ஷ்' என்ற பாரசீகச் சொல். மணி வார்த்த கொல்லரோ, அவருக்கு எழுதிக் கொடுத்தவரோ, கப்பற்காரர் தம் பெயரைச் சொல்லக் கேட்டு, க்ஷகரத்தைக் குற்றியலுகரம் சேர்த்து அவிழ்த்து, பகரத்தை வகரமாக்கி, தமிழ் வாய்க்கு எப்படி வருமோ அப்படியே வெண்கலத்தில் பதித்திருக்கிறார். நேட்டால் துறைமுகத்தில் ஆங்கில எழுத்தர் நமக்குச் செய்ததைத்தான் நாமும் ஒரு முகைய்யதீனுக்குச் செய்திருக்கிறோம். அந்தக் கணக்கு அப்படியாவது நேரானதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

பன்னி சௌவைப் பற்றிய இணைப்புகள் மட்டும் ஒன்பது இருந்தன, எட்டை அழித்தேன். குடைந்த பாணுக்குள் கறியை ஊற்றித் தரும் இந்த டர்பன் சாப்பாட்டில் முயல் இல்லை, பன்னி என்பது 'பனியா' என்ற வணிகர் பெயர் திரிந்தது என்று ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடித்தது போல் எழுதுகிறார்கள். இங்கே யாரும் அதைப் படிப்பதில்லை. 'கால் மட்டன்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் கையால் சாப்பிடுகிறார்கள். ஒப்பிட்டால், ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்குள்ளவர்கள் 'பொரிட்ஜ் பிரேயர்' என்று சொல்வதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. பெயரில் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. அண்டாவில் எல்லாம் அப்படியே இருக்கிறது, வேப்பிலை உட்பட.

கடைசி இணைப்பு ஒரு சீட்டாட்டம். டர்பன் இந்தியரிடையே 'துணீ' என்று எழுதப்படும் ஆட்டத்தை நான் இங்கு வந்த முதல் ஆண்டிலிருந்தே பார்த்து வருகிறேன். கோயில் மண்டபத்துக்கு வெளியே, கலியாண வீட்டுக் கராஜில், மீன் பிடிக்கப் போகும் இடத்தில்கூட, நாலு பேர் சேர்ந்தால் சீட்டு வெளியே வந்துவிடும். நான் உட்கார்ந்ததில்லை, வாத்தியார் சூதாடுகிறார் என்ற பெயர் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தேன். இந்த ஆண்டு, உலகச் சீட்டாட்டங்களின் விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் 'பகாட்' என்ற தளத்தில் தற்செயலாக அந்தப் பெயரைக் கண்டு விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304.

முந்நூற்றிநாலு! யாழ்ப்பாணத்துச் செத்த வீடுகளில், விடியும் வரை கண் விழித்திருப்பதற்காக முற்றத்துப் பந்தலின் கீழ் பாய் விரித்து, பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில், அப்புவும் அவருடைய கூட்டாளிகளும் ஆடிய அதே 304. ஜாக்கு இராசாவை வெட்டும், ஒன்பது ஆசை வெட்டும் என்ற அந்தத் தலைகீழ் நியாயத்தை, அப்புவின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து ஏழு வயதில் படித்தவன் நான். எங்களுக்கு 32 சீட்டு, கைக்கு எட்டு. இங்கே 24 சீட்டு, கைக்கு ஆறு. மற்றபடி அண்ணன் தம்பி ஆட்டங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்ததை, கணினியில் படித்த பிறகுதான் நான் அடையாளம் கண்டேன் என்பதை நினைக்க வெட்கமாகவே இருந்தது.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். சீட்டைக் குலுக்கும்போது, அப்பு கறுப்பு இனங்கள் இரண்டையும் இஸ்கோப்பன், கலாவரை என்று சொல்லுவார் என்றேன். தேநீர் கொண்டுவந்த அக்கா நின்றுவிட்டார். நிறவெறிக் காலத்தில் இந்தியப் பள்ளிக்கூடங்களில், ஒல்லாந்தர் மொழியிலிருந்து பிறந்த ஆபிரிகான்ஸ் மொழியைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருந்தது. விருப்பத்தோடு படித்தவர் என்று யாரையும் இன்றுவரை நான் சந்தித்ததில்லை. அக்கா அந்தப் பாடத்தை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து எடுத்து, 'ஸ்கொப்பென்ஸ், க்ளாவர்ஸ்' என்றார். கேப் முனையில் ஒல்லாந்தர் இறங்கியது 1652 இல். யாழ்ப்பாணக் கோட்டையை அவர்கள் பிடித்தது 1658 இல். ஒரே கம்பெனியின் சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் சீட்டு விரித்து வாயால் சொன்ன சொல்லை, அங்கே ஒரு யாழ்ப்பாணத்தான் முன்னால் ஓர் இகரம் போட்டு இஸ்கோப்பனாக்கிக்கொண்டான். 'ட்ரம்ப்' என்பதையும் துரும்பாக்கிவிட்டான். அப்பு ஆபிரிக்காவை வரைபடத்தில்கூடப் பார்த்திருப்பாரோ என்னவோ. அவருடைய வாயிலிருந்த இரண்டு சொற்களை நான் மீண்டும் கேட்டது சாட்ஸ்வர்த்தில், அதுவும் ஓர் ஆற்காட்டு வம்சத்து அக்கா தமக்குப் பிடிக்காத பள்ளிப் பாடத்திலிருந்து சொல்லக் கேட்டேன்.

ஆட்டத்தின் பெயரில் மட்டும் எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. கையிலுள்ள ஆறு பிடியையும் தானே எடுக்கப்போவதாக ஒருவர் அறிவிக்கும்போது கூவ வேண்டிய சொல்லும் அந்தப் பெயர்தான். ஒரே ஒரு பிடியைத் தன் கூட்டாளி எடுத்துவிட்டால்கூட அறிவித்தவருக்குத் தோல்வி. எழுத்தில் முதலில் பார்த்த எனக்கு அது துணிவின் ஏவலாகிய 'துணி'. இவ்வளவு பொருத்தமான பெயரை வேறு எந்த ஆட்டத்துக்கும் கண்டதில்லை என்று மூன்று நாள் மகிழ்ந்திருந்தேன். ஆனால் வாயால் கூவும்போது அந்தக் 'து' அகரத்தின் பக்கம் சாய்கிறது. அப்போது கூட்டாளியையும் ஒதுக்கிவிட்டு ஆடுவதால் 'தனி' என்று எனக்குக் கேட்டது, அதுவும் பொருந்திற்று. அண்ணன் இரண்டையும் ஏற்கவில்லை. அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அது தண்ணிதானாம்.

"தண்ணி, தம்பி" என்று சொல்லி, இஸ்கோப்பன் ஜாக்கை மேசையில் ஓங்கி அடித்தார். ஐந்து பிடி எடுத்தார். ஆறாவது பிடியில், என் கையில் இருந்த கலாவரை ஒன்பதை அவர் கணக்கில் வைக்கவில்லை.